ஆர்டர் இருக்கு, காசு இல்லை: பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

15 முதல் 40 மெஷின் வரை வைத்து, எக்ஸ்போர்ட் கம்பெனிக்கோ உள்நாட்டுப் பார்ட்டிக்கோ (ஆர்டர் கொடுப்பவருக்கோ) கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் திருப்பூர் யூனிட்களை மனதில் வைத்து எழுதியது இது. தையல் தவிர்த்த வேறு சிறு பட்டறைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மெஷின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கோளாறு என்றதும் எல்லா ஓனரும் முதலில் சொல்வது "ஆள் சரியில்லைங்க" என்பதுதான். சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் புது ஆள் வந்து ஒரே மாதத்தில் அதே குறை மறுபடி தலைகாட்டினால், தேட வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தைத் தேட நாங்கள் பயன்படுத்துவது மார்வின் வைஸ்போர்டு என்ற அமெரிக்க ஆலோசகர் 1976-ல் வெளியிட்ட ஆறு பெட்டி மாதிரி. பனியன் கம்பெனி பாஷையில் அந்த ஆறும் இவை:

- நோக்கம்: எந்த வேலையை எடுக்கிறோம், எதை வேண்டாம் என்கிறோம்.
- அமைப்பு: எந்த வேலைக்கு யார் பொறுப்பு, யார் யாரிடம் பதில் சொல்கிறார்.
- உறவு: ஆளுக்கும் ஆளுக்கும், கட்டிங்குக்கும் தையலுக்கும், ஆளுக்கும் மெஷினுக்கும்.
- பலன்: எதைச் செய்தால் காசும் மரியாதையும் கிடைக்கிறது.
- உதவி ஏற்பாடு: பதிவேடு, போர்டு, பண்டில் சீட்டு (வெட்டிய துணிக் கட்டோடு போகும் சீட்டு), காலைக் கூட்டம், கணக்கு.
- தலைமை: மற்ற ஐந்தில் எது கோணுகிறது என்று பார்த்து நிமிர்த்துவது. சிறு யூனிட்டில் இது ஓனர்தான்.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே சூழல்: நூல் விலை, பார்ட்டி, வரி, மின்வெட்டு.

வைஸ்போர்டு எதை முதலில் திறக்க வேண்டும் என்று வரிசை எதுவும் போடவில்லை. செலவை வைத்து நாங்கள் போடும் வரிசை: உதவி ஏற்பாடு, அமைப்பு, உறவு, பலன், நோக்கம், தலைமை. முதல் பெட்டிக்கு ஒரு நோட்டும் ஒரு வெள்ளைப் போர்டும் போதும். கடைசிப் பெட்டிக்கு ஓனர் தன் பழக்கத்தை மாற்ற வேண்டும். அதைவிடச் செலவான வேலை கிடையாது.

## தொடங்கும் முன் ஒரு வாரம்

ஒரு நோட்டில் பெட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் "சொல்வது", வலப்பக்கம் "நடப்பது". உதாரணமாக உதவி ஏற்பாட்டுப் பக்கத்தில், இடது: "மணிக்கு ஒருமுறை புரொடக்‌ஷன் எழுதுவோம்." வலது: "மாலை 5 மணிக்கு எட்டு மணி நேரத்தையும் சேர்த்து ஒரே பேனாவில் எழுதுகிறார்கள்." இரண்டு பக்கமும் எங்கே அதிகம் விலகுகிறதோ அங்கேதான் கோளாறு ஒளிந்திருக்கும்.

வலப்பக்கத்தை ஓனர் நிரப்பக் கூடாது. சூப்பர்வைசர், ஒரு ஓவர்லாக் டெய்லர், ஒரு கைமடி (டெய்லருக்கு உதவி ஆள்), செக்கிங்கில் ஒருவர், பேக்கிங்கில் ஒருவர் என்று ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். "திருப்தியா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்கண்ணா" என்பார்கள், அதோடு முடிந்தது. "நேத்து எவ்வளவு நேரம் பீஸ் வராம சும்மா இருந்தீங்க?", "ஊசி உடைஞ்சா யார்கிட்ட கேட்பீங்க, வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நேற்று நடந்ததைக் கேளுங்கள். சனிக்கிழமை சம்பள நேரத்தில் கேட்க வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் சரி.

## அறிகுறி: மெஷின் ஓடுகிறது, கையில் காசு நிற்பதில்லை

பில் தாமதமாகப் போகிறதா? இதுதான் செலவில்லாத காரணம், பாதிப் பேர் பார்க்காத காரணமும் கூட. கடைசி பத்து ஆர்டரை எடுத்து, கடைசி டெலிவரி சலான் தேதி, பில் தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி இரண்டு நாளைத் தாண்டினால் பீஸ் கணக்கு ஒத்துவராமல் பில் காத்திருக்கிறது என்று அர்த்தம். கட்டிங் எண்ணிக்கை, தைத்தது, ரிஜெக்ட், அனுப்பியது ஆகிய நான்கையும் ஒரே சீட்டில் ஆர்டர் நடக்கும்போதே எழுதிவந்தால் இந்தத் தாமதம் போய்விடும்.

வரவேண்டிய பணம் எத்தனை நாள் நிற்கிறது? நிலுவையை மாத பில் தொகையால் வகுத்து 30-ஆல் பெருக்குங்கள். நிலுவை 9,36,000 ரூபாய், மாத பில் 3,74,400 என்றால் 75 நாள். பேசியது 45 நாள் என்றால் 30 நாள் ஓட்டை. டெய்லருக்கு வாரச் சம்பளம், பார்ட்டியிடமிருந்து இரண்டரை மாதம் கழித்துப் பணம். நடுவில் இருக்கும் பள்ளத்தை வட்டிக்கு வாங்கித்தான் நிரப்புகிறீர்கள்.

உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைப் பார்ட்டி உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். பெரிய கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் பிரிவை இந்த இரண்டாவது விதிதான் அசைக்கிறது. உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடியுங்கள். அது இல்லாத பில் அவர்கள் பட்டியலில் சாதா பில்லோடு சேர்ந்துவிடும்.

ரேட்டே கட்டுப்படியாகிறதா? இது நோக்கப் பெட்டி. கணக்கு இப்படி: 15 டெய்லர், ஒரு நாளைக்கு 480 நிமிடம், மாதம் 26 நாள்; மொத்தம் 1,87,200 நிமிடம். சாதா ரவுண்ட் நெக் டீ-ஷர்ட்டின் நிர்ணய நேரம் (ஒரு பீஸ் தைக்க ஆக வேண்டிய நேரம்) 8 நிமிடம், நாளைக்கு 450 பீஸ் இறங்குகிறது என்றால் 3,600 நிமிட வேலை, இருந்த நேரம் 7,200 நிமிடம். திறன் 50 சதவீதம். மாதத்தில் உருப்படியான நிமிடம் 93,600. எல்லாச் சம்பளமும் வாடகையும் கரண்டும் நூலும் வட்டியும் சேர்த்து மாதச் செலவு 4,20,000 என்றால் நிமிடத்துக்கு 4.49 ரூபாய், பீஸுக்கு 35.90. பார்ட்டி தரும் ரேட் 32 என்றால் ஒவ்வொரு பீஸிலும் 3.90 ரூபாய் கையிலிருந்து போகிறது. அதே செலவில் திறன் 60 சதவீதத்துக்கு வந்தால் பீஸ் அடக்கம் 29.91-க்கு இறங்கி லாபம் தெரியும்.

அதனால் "ரேட் கம்மி" என்று பார்ட்டியிடம் போவதற்கு முன் திறனைக் கணக்குப் போடுங்கள். 60-க்கு மேல் இருந்தும் அடக்கம் ரேட்டைத் தாண்டினால் அந்த வேலையை விடுவதுதான் வழி. 50-க்குக் கீழே என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். காசுப் பிரச்சினைபோலத் தெரிவது லைன் பிரச்சினை.

யாரை எப்போது கூப்பிடுவது: நிலுவை 90 நாளைத் தாண்டி, இரண்டு எழுத்து நினைவூட்டலுக்கும் பதில் இல்லை என்றால் ஆடிட்டரிடம் சொல்லி சமாதான் தளத்தில் (எம்எஸ்எம்இ பாக்கிக்கு மத்திய அரசின் புகார் தளம்) மனு போடலாம். ஆனால் மனுப் போட்ட பார்ட்டியிடமிருந்து அடுத்த ஆர்டர் வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போடுங்கள். பார்ட்டி டிரெட்ஸ் தளத்தில் (பில்லைத் தள்ளுபடி செய்யும் ஆன்லைன் சந்தை) இருக்கும் பெரிய கம்பெனி என்றால், அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே தள்ளுபடி செய்து முன்கூட்டியே பணம் வாங்கும் வழியை முதலில் கேளுங்கள். உறவு கெடாது.

## அறிகுறி: டெலிவரி தேதி தவறிக்கொண்டே இருக்கிறது

கடைசியாகத் தாமதமான மூன்று ஆர்டரை எடுங்கள். துணி வந்தது, கட்டிங் முடிந்தது, தையல் ஏறியது, தையல் இறங்கியது, செக்கிங், பேக்கிங், வண்டி ஏறியது என்று ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதுங்கள். தேதி கிடைக்கவில்லை என்றால் அதுவே முதல் கண்டுபிடிப்பு. உதவி ஏற்பாட்டுப் பெட்டி காலி. இன்றைய ஆர்டரிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டு, மூன்று வாரம் கழித்து இந்தப் பகுதிக்குத் திரும்பி வாருங்கள்.

தேதிகள் கிடைத்தால் இரண்டு கிளை.

### தையல் ஏறுவதற்கு முன்பே நாள் போயிருந்தால்

பொதுவாக இதுதான். லேபிள் வரவில்லை, ரிப் துணி (கழுத்துப் பட்டிக்கு) சாயத்திலிருந்து திரும்பவில்லை, நூல் நிறம் ஒத்துவரவில்லை, சேம்பிள் ஓகே ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் "இது யார் வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லோரும் பார்ப்போம்" என்று பதில் வந்தால் யாரும் பார்க்கவில்லை. ஒரு ஆளை நியமித்து, தையல் ஏற மூன்று நாள் முன்பு துணி, ரிப், நூல், மெயின் லேபிள், வாஷ் கேர் லேபிள், ஓகே ஆன சேம்பிள், அளவுச் சீட்டு ஆகிய ஏழையும் டிக் போடச் சொல்லுங்கள். ஏழும் இல்லாமல் லைனில் ஏற்றக் கூடாது. பாதிச் சாமானோடு ஏற்றினால் நடுவில் நிறுத்தி, வேறு ஸ்டைலை மாட்டி, மறுபடி இதைத் திரும்ப மாட்ட வேண்டும். ஒவ்வொரு மாட்டலிலும் நூல் மாற்றவும் டென்ஷன் பிடிக்கவும் டெய்லர் கை பழகவும் நேரம் போகும்.

### தையலில் நாள் போயிருந்தால்

நின்றுகொண்டு பாருங்கள். எந்த மெஷின் முன்னால் பண்டில் குவிந்திருக்கிறது? எந்த மெஷினுக்குப் பின்னால் ஆள் சும்மா இருக்கிறார்? குவியலுக்கும் சும்மாவுக்கும் நடுவில் இருக்கும் ஆபரேஷன்தான் முட்டுக்கட்டை.

உறுதிப்படுத்த, ஒவ்வொரு ஆபரேஷனிலும் தொடர்ச்சியாக 10 பீஸுக்கு ஸ்டாப் வாட்ச் பிடித்து, அதிகமான ஒன்றையும் குறைவான ஒன்றையும் விட்டு மீதி எட்டின் சராசரியை எழுதுங்கள். அடி மடிப்பு தைக்கும் பேட்லாக் (ஃபிளாட்லாக்) மெஷினில் ஒரு பீஸுக்கு 62 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 480 நிமிடம் 28,800 விநாடி, வகுத்தால் 464. ஒரு மெஷின் ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் நாளைக்கு 464-க்கு மேல் இறங்காது. நீங்கள் பார்ட்டியிடம் 600 சொல்லியிருந்தால் அந்த ஆபரேஷன் 48 விநாடிக்குள் வர வேண்டும். மீதி 14 டெய்லரையும் விரட்டிப் பயன் இல்லை.

சரிசெய்யும் வரிசை: அந்த டெய்லருக்கு ஒரு கைமடியைக் கொடுத்து பீஸ் எடுத்துக் கொடுப்பதையும் நூல் வெட்டுவதையும் பிரித்துவிடுங்கள். போதவில்லை என்றால் கையில் நேரம் மிஞ்சும் பேட்லாக் டெய்லருக்கு நாளில் இரண்டு மணி நேரம் இதைக் கொடுங்கள். அதற்கும் பிறகுதான் இன்னொரு மெஷின். மெஷின் வாங்குவதை முதலில் யோசிக்கும் யூனிட்களில், வாங்கிய மெஷின் மூன்றாவது மாதம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும்.

மணிக்கணக்குப் போர்டு ஒன்று கட்டாயம் வேண்டும். நான்கு பத்தி போதும்: நேரம், இலக்கு, இறங்கியது, குறைந்தால் காரணம். நான்காவது பத்தி இல்லாத போர்டு அலங்காரம்.

### இரண்டும் இல்லை, ஆனாலும் தாமதம்

அப்படியென்றால் மாதத்தில் எத்தனை ஸ்டைல் ஏறியது என்று எண்ணுங்கள். 300 பீஸ், 500 பீஸ் ஆர்டராக வந்து வாரத்துக்கு நான்கு ஸ்டைல் மாறினால் லைன் ஒருநாளும் வேகம் பிடிக்காது. இது நோக்கப் பெட்டி. குறைந்தபட்ச பீஸ் எண்ணிக்கை ஒன்றை முடிவு செய்து, அதற்குக் கீழே வந்தால் கூடுதல் ரேட் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள், இது சங்கடமான சோதனை: ஓடிக்கொண்டிருந்த ஸ்டைலை நடுவில் இறக்கி வேறொன்றை ஏற்றச் சொன்னது யார், எத்தனை முறை? மூன்று ஆர்டரிலும் ஓனர் பெயர் வந்தால், கடைசி அறிகுறிக்கு நேராகப் போங்கள்.

யாரை எப்போது கூப்பிடுவது: முட்டுக்கட்டையைப் பிரித்தும் திறன் 50-ஐத் தாண்டவில்லை என்றால் கார்மென்ட் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியர் ஒருவரை இரண்டு வாரத்துக்கு வையுங்கள். மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டத்தில் 2023 மார்ச் முதல் ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

## அறிகுறி: அதே ஆல்ட்ரேஷன், அதே டெபிட்

ஆல்ட்ரேஷன் என்றால் குறை பீஸைப் பிரித்து மறுபடி தைப்பது; டெபிட் என்றால் குறைக்காகப் பார்ட்டி பில்லில் பிடிப்பது. முதலில் ஆறு நாளைக்குக் கணக்கு. செக்கிங் டேபிளில் ஒரு தாள். குறுக்கே குறையின் பெயர் (ஊசி ஓட்டை, தையல் விட்டது, நூல் லூஸ், அளவு மாறியது, எண்ணெய்க் கறை, ஷேடு), நெடுக்கே மெஷின் எண். ஒவ்வொரு குறைக்கும் ஒரு கோடு. பொதுவாக இரண்டு மூன்று கட்டத்தில் கோடுகள் குவியும். எல்லாக் கட்டத்திலும் சமமாகப் பரவியிருந்தால் குறை தையலில் இல்லை. துணியையும் கட்டிங்கையும் பாருங்கள்.

ஓட்டை விழுகிறது. தையல் கோட்டை ஒட்டி லூப் அறுந்து ஓட்டை வரிசையாக இருந்தால் ஊசி. தையலை விட்டுத் தள்ளி இருந்தால் நிட்டிங் அல்லது சாயத்தில் வந்தது. துணியைத் திருப்பி அனுப்ப ஆதாரமாகத் தனியே எடுத்து வையுங்கள். ஊசி என்றால் பால் பாயின்ட் முனைதானா என்று பாருங்கள். நிட் துணிக்குக் கூர்முனை போட்டால் லூப்பை விலக்காமல் குத்திவிடும். சிங்கர் மெஷினுக்கு (ஒற்றை ஊசி சாதா மெஷின்) டிபி×1, ஓவர்லாக்குக்கு டிசி×27, பேட்லாக்குக்கு யூஒய்×128 வகை. மெல்லிய சிங்கிள் ஜெர்சிக்கு 11 அல்லது அதற்கும் கீழ் அளவு. ஊசியை உடைந்தால்தான் மாற்றுவது என்ற பழக்கத்தை நிறுத்தி, ஷிப்ட் தொடக்கத்தில் நகத்தில் முனையை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீறினால் மாற்ற வேண்டும். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதிது என்ற விதி எல்லாப் பார்ட்டி ஆடிட்டிலும் கேட்பதுதான். ஆனால் அந்த ஊசிப் பெட்டியின் சாவி ஓனர் பையில் இருந்தால் டெய்லர் மழுங்கிய ஊசியிலேயே நாளை ஓட்டுவார். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கட்டும்.

அளவு மாறுகிறது. தைத்த பீஸை அளப்பதற்கு முன் கட் பேனலை (வெட்டிய துண்டை) அளந்து பாருங்கள். லைக்ரா கலந்த துணியை ரோலிலிருந்து விரித்து 24 மணி நேரம் விட்டு வெட்டினார்களா? அவசரத்தில் விரித்தவுடன் வெட்டியிருந்தால் வெட்டிய பிறகு சுருங்கும். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சரிபார்க்க வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி கிராமில் எடை போட்டு 100-ஆல் பெருக்குங்கள், 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். ஒரே ரோலில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் மூன்று இடத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும்.

ஊசியும் துணியும் சரி, குறை மட்டும் நிற்கவில்லை என்றால் அடுத்த இரண்டு பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

*அமைப்பு.* செக்கிங் ஆள் யாரிடம் பதில் சொல்கிறார்? லைன் சூப்பர்வைசரிடம் என்றால், புரொடக்‌ஷன் இறக்க வேண்டியவரிடமே புரொடக்‌ஷனை நிறுத்தும் ஆளை ஒப்படைத்திருக்கிறீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் எல்லாப் பீஸும் ஓகே ஆகிவிடும். செக்கிங்கை ஓனருக்கோ கணக்குப் பார்ப்பவருக்கோ நேராகப் பதில் சொல்ல வையுங்கள். இதனால் சம்பளச் செலவு ஒரு ரூபாய் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

*பலன்.* பீஸ் ரேட் டெய்லருக்குக் கோணல் தையலுக்கும் நேர் தையலுக்கும் ஒரே காசு. ஆல்ட்ரேஷனை வேறொருவர் ஷிப்ட் சம்பளத்தில் பிரித்துத் தைக்கிறார். அப்புறம் டெய்லர் ஏன் நிதானிக்க வேண்டும்? தன் பீஸைத் தானே பிரித்துத் தைக்க வேண்டும் என்பது முதல் படி. பண்டிலுக்கு 7 பீஸ் எடுத்துப் பார்த்து, ஒன்றில் குறை இருந்தாலும் முழுப் பண்டிலும் அவரிடமே திரும்ப வேண்டும் என்பது இரண்டாவது. வாரம் முழுக்கத் திரும்பாதவருக்கு ஒரு தொகை என்பது மூன்றாவது. அபராதம் போடும் வழிக்குப் போக வேண்டாம். அபராதம் போட்டால் குறை உள்ள பீஸ் குறையாது, ஒளித்து வைப்பது கூடும். அந்தப் பீஸ் பேக்கிங் அட்டைப்பெட்டியின் அடியில் போய் உட்கார்ந்து பார்ட்டி கையில் வெளிப்படும்.

யாரை எப்போது கூப்பிடுவது: ஒரே மெஷினில் ஊசி, நூல், டென்ஷன் மூன்றும் மாற்றிய பிறகும் தையல் விட்டால் லூப்பர் (அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கி) டைமிங், மெக்கானிக் வேலை, டெய்லரைக் கைவைக்க விடாதீர்கள். துவைத்தபின் சுருக்கம், சாயம் போவது என்றால் கோயம்புத்தூர் சிட்ரா போன்ற ஆய்வகத்தில் டெஸ்ட் எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு சாயப்பட்டறையிடம் பேசுங்கள். வாய்ப்பேச்சில் டெபிட் யார் தலையில் என்பது தீராது.

## அறிகுறி: ஆட்கள் நிற்பதில்லை

ஆறு மாதத்தில் போனவர்கள் பெயரையும், சேர்ந்த தேதியையும், போன தேதியையும் எழுதுங்கள். எத்தனை நாள் இருந்துவிட்டுப் போனார்கள் என்று பிரித்துப் பாருங்கள்.

15 நாளுக்குள் போனவர்கள் அதிகம். சம்பளம் காரணமாக இருக்காது. சம்பளம் தெரிந்துதான் வந்தார்கள். முதல் நாள் யார் வேலை காட்டினார், எந்த மெஷின் கொடுத்தார்கள், தண்ணீரும் கழிப்பறையும் எப்படி என்று பாருங்கள். புது ஆளுக்குப் பழுதான மெஷினைத் தள்ளுவது பல லைனில் எழுதாத விதி. பீஸ் ரேட்டில் வந்தவர் அந்த மெஷினில் ஒரு வாரம் சம்பாதித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்குப் போவார்.

ஒன்று முதல் ஆறு மாதம். இரண்டு சோதனை. ஒன்று, சனிக்கிழமை சம்பளக் கணக்கில் எத்தனை பேர் வந்து "எண்ணிக்கை குறையுதுங்க" என்கிறார்கள்? பண்டில் சீட்டில் கிழித்துக்கொள்ளும் கூப்பன் வைத்தால் அவர் கையிலும் கணக்கு இருக்கும். இரண்டு, கட்டிங் வராமல் சும்மா இருந்த மணி நேரம். பீஸ் ரேட்டில் அந்த நேரத்தின் நஷ்டம் டெய்லர் தலையில் விழுகிறது. வாரத்தில் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் அவர் போனதற்கு நீங்கள் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காத்திருக்கும் நேரத்துக்கு ஷிப்ட் விகிதத்தில் காசு கொடுங்கள். அந்தச் செலவு உங்கள் கணக்கில் ஏறும்போதுதான் கட்டிங் நேரத்துக்கு வரும்.

ஓராண்டு தாண்டியவர்கள், தீபாவளி போனஸ் வாங்கியதும் போகிறார்கள். பலன் பெட்டி. ஓவர்லாக்கில் மூன்று ஆண்டு இருந்தவருக்கும் போன மாதம் வந்தவருக்கும் ஒரே ரேட்டா? இரண்டு மூன்று மெஷின் தெரிந்தவருக்குக் கூடுதல் உண்டா? அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிவைக்கும் பழக்கம் இங்கே மருந்தாகத் தெரியும். அட்வான்ஸ் பெருத்த ஆளை நீங்களும் கேள்வி கேட்க முடியாது, அவரும் மனமாக வேலை செய்ய மாட்டார். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் ஆட்கள் ஒட்டுமொத்தமாக ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. ஹோலி, சத் பூஜை, தேர்தல் மூன்றும் காலண்டரில் முன்பே தெரிகிற நாட்கள். அந்த வாரத்தில் டெலிவரி ஒப்புக்கொள்ளாமல் இருப்பது ஒன்று. திரும்பும் ரயில் டிக்கெட்டையும் நீங்களே போட்டுக்கொடுப்பது இன்னொன்று.

திங்கட்கிழமை மட்டும் ஆள் குறைகிறது என்றால் இது வேறு நோய், சனிக்கிழமை சம்பளத்தோடு சேர்ந்தது. சம்பள நாளை வேறு கிழமைக்கு மாற்றி ஒரு மாதம் பாருங்கள்.

யாரை எப்போது கூப்பிடுவது: ஆள் எண்ணிக்கை 10-ஐத் தொட்டால் இஎஸ்ஐ, 20-ஐத் தொட்டால் பிஎஃப். இஎஸ்ஐயில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு ஓனர் பங்கு 3.25, ஊழியர் பங்கு 0.75 சதவீதம். எண்ணிக்கையில் கான்ட்ராக்டரின் ஆட்களும் சேருவார்களா என்பது சண்டை வரும் இடம். நோட்டீஸ் வருவதற்கு முன்பே தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: கட்டிங்கும் தையலும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள்

சமாதானக் கூட்டம் போடாதீர்கள். கைமாறும் இடத்தில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பண்டில் சீட்டில் ஸ்டைல், லாட், சைஸ், எண்ணிக்கை, கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. இரண்டு வாரத்தில் முக்கால்வாசிச் சண்டை அடங்கும். அடங்காத மீதியில் இருவரில் ஒருவர் ஓனரின் மைத்துனராகவோ பங்காளியாகவோ இருப்பார். அப்போது அது உறவுப் பெட்டியில் சீட்டால் தீரும் விஷயம் இல்லை. பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்று எழுதியிருக்கிறதா என்று ஆடிட்டரோடும் வக்கீலோடும் உட்கார வேண்டிய விஷயம்.

## அறிகுறி: எல்லாம் ஒழுங்கு, ஆர்டர் மட்டும் திடீரென்று விழுந்தது

பெட்டிகளைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் மூன்று யூனிட்டில் விசாரியுங்கள். எல்லோருக்கும் விழுந்திருந்தால் சூழல். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, அமெரிக்கப் பார்ட்டியை நம்பியிருந்த யூனிட்டில் போர்டு வைத்தும் ஊசி மாற்றியும் ஒன்றும் ஆகியிருக்காது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரே பார்ட்டி பில்லில் எத்தனை சதவீதம்? பாதியைத் தாண்டியிருந்தால், நல்ல காலத்திலேயே நோக்கப் பெட்டியில் சரிசெய்திருக்க வேண்டியது. உங்களுக்கு மட்டும் விழுந்திருந்தால் டெபிட் கணக்கையும் தாமதக் கணக்கையும் எடுத்துக்கொண்டு மேலே சொன்ன அந்த அறிகுறிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

## அறிகுறி: ஓனர் இல்லாத நாள் யூனிட் நிற்கிறது

இரண்டு நாளைக்கு, ஓனரிடம் வந்த ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வரியில் எழுத வேண்டும். எழுதுவது ஓனர் அல்ல, ஆபீஸில் இருப்பவர். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: பணம், முன்னுரிமை, தகவல். தகவல் கேள்விகள் ("இந்த லேபிள் எங்க இருக்குங்க?") அதிகம் என்றால் உதவி ஏற்பாடு; போர்டிலோ பைலிலோ இருக்க வேண்டியது ஓனர் தலையில் இருக்கிறது. பணக் கேள்விகள் அதிகம் என்றால் சூப்பர்வைசருக்கு ஒரு வரம்பு கொடுங்கள். நாளுக்கு 2,000 ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம், மாலையில் பில் மட்டும் காட்டினால் போதும். ஊசி, பெல்ட், ஆட்டோ வாடகைக்கு அது போதும்.

முன்னுரிமைக் கேள்விகள் ("எந்த ஸ்டைலை முதல்ல ஏத்தட்டும்?") அதிகம் என்றால்தான் விஷயம் கனம். வாரத் திட்டத்தைத் திங்கள் காலை போர்டில் எழுதி, வியாழன் வரை மாற்றுவதில்லை என்று ஓனர் சபையில் சொல்ல வேண்டும். முதல் வாரமே ஏதாவது பார்ட்டி போன் செய்து அவசரம் என்பார்; அன்றைக்கு மாற்றினால் போர்டை யாரும் இனிப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு சோதனை: ஓனர் போனை அணைத்துவிட்டு நான்கு மணி நேரம் வெளியே. அடுத்த வாரம் ஒரு முழு நாள். திரும்பி வந்து நின்ற இடங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், திட்ட வேண்டாம்.

யாரை எப்போது கூப்பிடுவது: மூன்று முறை முயன்றும் ஓனரே வரம்பை மீறினால், வெளியாள் ஒருவர் வேண்டும். அவர் சம்பளத்துக்கு உள்ளே இருப்பவராக இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவரால் இந்தப் பெட்டியைப் பற்றி ஓனர் முகத்துக்கு நேரே பேச முடியாது.

## சரிசெய்த குறை திரும்பினால்

ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. மூன்று வாரம் தொடாமல் பாருங்கள். போர்டு, பீஸ் ரேட், செக்கிங் மாற்றம் மூன்றையும் ஒரே திங்கட்கிழமை கொண்டுவந்தால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

குறை அப்படியே திரும்பினால், சரிசெய்தது எழுத்தில் மட்டும் நடந்திருக்கிறது. "நடப்பது" பத்தியை மறுபடி கேட்டு நிரப்புங்கள். குறை இடம் மாறினால், உதாரணமாகத் தையலில் தாமதம் நின்று பேக்கிங்கில் குவிந்தால், அது நல்ல செய்தி. முட்டுக்கட்டை நகர்ந்திருக்கிறது, ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு அயர்ன் டேபிளுக்குப் போங்கள்.